திருமணி நோயகம் ஆராய்ச்சி நிலையமான வரலாறு

2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மராட்டியரின் படைக்கோட்டைகள் பன்னிரண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டன. அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது நம் செஞ்சிக்கோட்டை ஒன்றே. அச்செய்தி கேட்டு நம் சங்கத்தார் யாவரும் மகிழ்ந்தனர், மகிழ வேண்டியதே. எனினும் கோட்டைக்குட் சென்று பார்ப்பவர் ஒன்றைக் காணாதிருத்தல் இயலாது. கல்யாண மகாலில் கல்யாணம் இல்லை. களஞ்சியத்தில் நெல் இல்லை. குதிரை லாயத்திற் குதிரை இல்லை. கட்டடம் காக்கப்பட்டது, அதன் தொழில் போயிற்று. கோட்டைக்கு அணித்தேயுள்ள சிங்கவரத்துக் குன்றிலோ பல்லவர் காலத்துக் குடைவரையில் அரங்கநாதர் இன்றும் பள்ளிகொண்டிருக்கின்றார், இன்றும் விளக்கெரிகின்றது. சுற்றிலும் பிற்காலத்தார் மண்டபம் எழுப்பினர், படி அமைத்தனர், மின்விளக்கும் இட்டனர். பழமை கெட்டதென்று ஒருவரும் வருந்தவில்லை, உள்ளே நடப்பது அற்றுப்போகவில்லையாதலால்.

பழங்கட்டடத்தைக் காக்கும் நெறி இவ்விரு வகையினது. இவ்வேற்றுமையை உளத்திற்கொண்டு, நம் பகுதிக்குத் தொலைவில்லாத ஓரிடத்தின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். செஞ்சியினின்று திண்டிவனம் சென்று, சென்னைப் பெருஞ்சாலையில் வடக்கு நோக்கி ஏகின் செங்கற்பட்டு வரும். அதனை அடுத்துள்ளது திருமணி. அவ்வூர்ப் பெயரை நம் முன்னோர் உரக்கச் சொல்லமாட்டார்கள். வீட்டில் ஒருவர் “திருமணிக்குப் போயிருக்கிறார்” என்றால் அதற்கு மேல் வினவுவார் இல்லை. அங்கிருந்தது குஷ்டரோகிகளின் குடியிருப்பு.

அந்நோயைப் பெருநோய் என்றனர். பின்னர்த் தொழுநோய் என வழங்கலாயினர். பெயர் எதுவாயினும் அச்சம் ஒன்றே. நோய் கண்டவர் பின்கட்டிலோ கொல்லைக் குடிசையிலோ வைக்கப்பட்டார். அவருடைய கலமும் பாயும் வேறாயின. உடன்பிறந்தாளுக்கு வரன் வரும் நாளில் அவர் இருப்பதே மறைக்கப்பட்டது. இவை பிற குலத்தார் மாத்திரம் செய்தவை என்று நம் குலத்தார் எவரும் சொல்லிக்கொள்ள வேண்டா. அரசினர் சட்டமும் இதற்கு ஒத்தாசையாகவே நின்றது. 1898ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குஷ்டரோகிகள் சட்டம், பிச்சையெடுக்கும் ஏழை நோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க அதிகாரம் அளித்தது. அச்சட்டம் 2016ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது என்பதைக் கேட்பவர் வியப்பர்.

திருமணியிற் குடியிருப்பு நிறுவப்பட்டது 1924ஆம் ஆண்டில். அக்காலத்துச் சென்னைக் கவர்னராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவியார் பெயரால் அது ‘லேடி வில்லிங்டன்’ குடியிருப்பு என வழங்கலாயிற்று. அரசினர் பொருளுதவி செய்ய, ஸ்காத்லாந்துக் கிறிஸ்தவ மிஷனார் அதனை நடத்தினர். நோய் தீர்க்கும் இடம் என்பதைக் காட்டிலும், நோயாளரை ஊரினின்றும் பிரித்து வைக்கும் இடம் என்பதே அந்நாளைய இத்தகைய குடியிருப்புகள் அனைத்திற்கும் பொருந்துவது. தீர்க்கும் மருந்து இருந்தாலன்றோ தீர்ப்பது! இருந்தது நீரடிமுத்து எண்ணெய் ஒன்று. நம் நாட்டு வைத்தியர் நெடுங்காலமாகக் கையாண்ட அவ்வித்தின் எண்ணெயை மேனாட்டு வைத்தியர் ஊசிவழி உடம்பிற் செலுத்தினர். ஊசி குத்திய இடம் வீங்கி வலிக்கும். சிலருக்கு நோய் சற்றுத் தணிந்தது, பலருக்குப் பயனில்லை. வந்தவர் பெரும்பாலும் அங்கேயே முதிர்ந்தனர்.

இந்நிலையை மாற்ற முற்பட்டவருள் முதலிற் கூறத்தக்கவர் ராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர். 1930களின் நடுவிலிருந்து திருமணியிலிருந்து பணிபுரிந்து, பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வருமானார். வடஅமெரிக்காவில் லூயிசியானா நாட்டுக் கார்வில் என்னும் ஊரிலிருந்த நோயகத்தில், 1941ஆம் ஆண்டில் கை ஃபேஜட் என்பவர் சல்ஃபோன் இனத்து மருந்தொன்றைக் கொடுத்துப் பயன்கண்டார். அவ்வினத்தின் தாய்ப்பொருளான டாப்சோன் விலை மலிந்தது. ஆயினும் நஞ்சு மிக்கதென்று கருதப்பட்டு ஒதுக்கப்பட்டிருந்தது. 1946ஆம் ஆண்டளவிற் காக்ரேன் அதனை மிகக் குறைந்த அளவில், எண்ணெயிற் கலந்து ஊசிவழி செலுத்திப் பார்த்தார்; நோயாளர் தேறினர். பின்னர் அம்மருந்து மாத்திரையாக உலகெங்கும் பரவிற்று. ஏழை நாடுகளும் வாங்கத்தக்க விலையினதாக இந்நோய்க்கு வாய்த்த முதல் மருந்து இதுவே.

இன்னொரு நிகழ்ச்சியும் அவ்வளாகத்தில் நடந்தது. வேலூரில் எலும்பு அறுவை வைத்தியராயிருந்த பால் பிராண்டு என்னும் ஆங்கிலேயர், காக்ரேன் அழைக்க அவருடன் நோயகத்தைச் சுற்றிப்பார்க்கச் சென்றார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையில் தம் கையை வைத்து, இயன்றமட்டும் அழுத்துமாறு கேட்டார். வலுவற்றதென்று அவர் எண்ணிய அக்கை இரும்புப்பிடியாக இறுக்கிற்று. தசை அழியவில்லை, சில நரம்புகளே மாண்டன, நல்ல தசைநாரை எடுத்து இடம் மாற்றிக் கட்டினால் விரல் நிமிரும் என்று அக்கணத்தில் அவர்க்குத் தோன்றிற்று. 1948ஆம் ஆண்டுமுதல் வேலூரில் அவ்வாறே செய்துகாட்டினார். கைகால் அழுகி உதிர்வது நோயின் இயல்பன்று, உணர்ச்சியற்ற உறுப்பிற் சூடும் முள்ளும் பட்டது தெரியாமற் போவதே காரணம் என்பதையும் அவரே நிலைநாட்டினார். இது சாலை வழியே சென்ற மருத்துவர் ஒருவரின் உய்த்துணர்வு என்று மட்டும் சொல்லுதல் முறையாகாது. கை நீட்டிய நோயாளிக்கும் இதிற் பங்குண்டு. அவர் பெயர் எப்புத்தகத்திலும் இல்லை.

1955ஆம் ஆண்டில் இந்திய அரசினர் இக்குடியிருப்பையும், சைதாப்பேட்டையில் நோயுற்ற குழந்தைகட்கென நடந்துவந்த வெள்ளிவிழாக் குழந்தைகள் மருத்துவச்சாலையையும் தம்பால் எடுத்துக்கொண்டு, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினர். தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. கல்கத்தாவில் இந்நோய் பற்றி ஆராய்ந்து பெயர்பெற்ற டாக்டர் தர்மேந்திரா நிலையத்தின் இயக்குநராக அமர்ந்தார்.

நோயகம் ஆராய்ச்சிச்சாலையாக மாறியது ஏன்? அரசினர் ஆணையால் என்பது பாதி விடை. மருந்து வந்தபின் நோயாளர் வீட்டிலிருந்தே மாத்திரை உட்கொள்ளலாயிற்று, நெடுங்காலம் அடைத்து வைக்கவேண்டிய தேவை குறைந்தது, கட்டில்கள் காலியாயின. காசநோய்க்கும் இதுவே நேர்ந்தது. 1956ஆம் ஆண்டிற் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாராய்ச்சி நிலையத்தார், ஒரு பகுதி நோயாளரை நல்ல உணவும் ஓய்வும் உள்ள சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை நெருக்கமான அவர்தம் குடிசைகளிலுமே வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தனர். வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவ்வளவே குணமடைந்தனர். வீட்டிலுள்ள பிறர்க்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. 1959ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியானபின், பல நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகத் தம் தொழிலை இழந்தன. ஆராய்ச்சியே வார்டுகளைக் காலியாக்கிற்று. காலியான இடத்தில் ஆராய்ச்சியே குடிபுகுந்தது. நோய் குறைந்ததனால் வெறுமையான மருத்துவமனையைக் காட்டிலும் மங்கலமான பாழ்மனை வேறு உண்டோ?

ஆயினும் பழைய வார்டை ஆய்வுக்கூடமாக மாற்றுதல், மேசை போட்டுப் பூதக்கண்ணாடி வைப்பதோடு முடிவதன்று. அக்காலத்துச் சிற்பியர் நோயகம் கட்டிய முறை வேறு. இருபுறமும் சாளரம், உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் போகவேண்டும் என்பதே அவர்தம் குறிக்கோள். ஆய்வுக்கூடத்திற்கோ காற்று கட்டுப்பட வேண்டும், தூசி நுழையலாகாது, கிருமியைக் கையாளும் அறையின் காற்று வடிகட்டப்பட்டே வெளியேற வேண்டும். சுண்ணாம்புச் சுவர் உதிரும். கிருமிநாசினி கொண்டு கழுவத்தக்க வழுவழுப்பான சுவர் வேண்டும். ஓட்டுக்கூரையிற் பல்லியும் எலியும் குடியிருக்கும். சோதனைச் சுண்டெலி வளர்க்கும் இடத்தில் ஊரெலி ஒன்று புகுந்தாலும் ஆண்டுக்கணக்கான வேலை கெடும். அமிலக்கழிவு செல்ல வேறு வடிகால், நீராவியாற் கிருமி கொல்லும் கலம், ஆழ்ந்த குளிர் தரும் பெட்டிகள், மின்சாரம் நின்றால் உடனே தொடங்கும் பொறி, இவ்வனைத்தும் வேண்டும். நூறாண்டு கண்ட கட்டடத்தின் தடித்த சுவர் வெப்பத்தைத் தடுப்பது ஒரு நன்மை. அச்சுவரிற் குழாயும் கம்பியும் செலுத்தத் துளையிடுவது பெருந்துன்பம். அறிந்த பொறியாளர் பலர் சுவரைத் தொடாமல், உள்ளே மற்றொரு கூட்டை நிறுத்திவிடுகின்றனர். புறத்தே பழைய நோயகம், அகத்தே புதிய ஆய்வுக்கூடம். எல்லாவற்றையும் இடித்துப் புதிதாய்க் கட்டிவிடலாமே என்பாரும் உளர். செலவுக் கணக்குப் பார்ப்பின் சிலவிடத்து அதுவே சரியாகவும் இருக்கும்.

ஆனால் தொழுநோய்க்கு மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. அதனாலேயே ஆராய்ச்சி நோயகத்தை விட்டு நீங்கக் கூடாததாயிற்று. 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டார். அன்று தொட்டு இன்றளவும் அதனைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க ஒருவராலும் முடியவில்லை. பிற கிருமிகட்கு இறைச்சிச்சாறோ கிழங்கோ இட்டாற் போதும். இக்கிருமியோ உயிருள்ள உடம்பிலன்றி வளராது. அதிலும் மிக மெல்ல வளரும். குடற்கிருமி இருபது நிமிஷத்தில் இரட்டிக்க, இது இரட்டிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் செல்கின்றது. ஆகவே ஆராய்ச்சிக்கு வேண்டும் கிருமி நோயாளியின் தோலினின்றே வரவேண்டும். நோயாளி இல்லாத இடத்தில் ஆய்வு இல்லை.

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஷெப்பர்டு என்பவர், சுண்டெலியின் உள்ளங்காலில் இக்கிருமி வளரக் கண்டார். உடம்பின் குளிர்ந்த இடத்தையே அது விரும்புகின்றது. மனிதர்க்கும் காதும் மூக்கும் விரல்நுனியுமே முதலிற் கெடுவது அதனாலன்றோ. திருமணியிலும் இம்முறை கையாளப்பட்டது. நோயாளியின் தோலினின்று எடுத்த சிறு துணுக்கை அரைத்து, கிருமிகளை எண்ணி, சில ஆயிரங்களைச் சுண்டெலியின் உள்ளங்காலிற் செலுத்துவர். சில எலிகட்கு மருந்து கலந்த உணவும், சிலவற்றிற்கு வெறும் உணவும் இடுவர். ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை காத்திருந்து மீண்டும் எண்ணுவர். மருந்துண்ட எலியிலும் கிருமி பெருகியிருந்தால், மருந்துக்கு அடங்காத கிருமி அந்நோயாளியிடம் உளதென்பது பொருள். இடையில் ஒரு கோடையிரவில் அறையின் குளிர்ச்சி கெட்டு எலிகள் மாண்டால் அவ்வாண்டின் உழைப்பு முழுவதும் பாழ். இப்போது மரபணுவைச் சோதித்துச் சில நாளிலேயே இதனை அறியும் வழியும் உண்டு. என்றாலும் அதற்கும் நோயாளியின் தோலே வேண்டும்.

இவ்வாறு டாப்சோனுக்கு அடங்காத கிருமிகள் பல நாடுகளில் தோன்றியது தெளிவானதனாலேயே, 1982ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தார் ஒரு மருந்தை மட்டும் நம்பாமல் ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுமருந்தை வகுத்தனர். ஆயுள் முழுதும் மருந்துண்ட நிலை மாறி, நோயின் வகைக்கேற்ப ஆறு திங்களிலோ பன்னிரண்டு திங்களிலோ சிகிச்சை முடியலாயிற்று.

இனி நாம் சொல்லக் கருதியதற்கு வருவோம். ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் மருத்துவர் பெயரை எழுதுகின்றனர். கட்டடத்திற்கும் அவர் பெயரே வைக்கின்றனர். செகந்திராபாத்தை அடுத்த பேகம்பேட்டையில், படைவீரர்க்கான ஆஸ்பத்திரியிலிருந்து 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அவர் பெயரால் அங்கு உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. அக்கொசுக்கள் குடித்தது ஹுசேன் கான் என்னும் நோயாளியின் இரத்தம். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா அவர்க்குக் கூலி. ராஸ் தாமே எழுதிவைத்ததனால் அப்பெயர் பிழைத்தது.

தொழுநோயின் வரலாற்றில் இதனினும் பெரியதொரு செய்தி உளது. 2001ஆம் ஆண்டில் இங்கிலாந்து, பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் இக்கிருமியின் மரபணுத்தொகுதியை முழுவதும் படித்து வெளியிட்டனர். முப்பத்திரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட எழுத்துக்கள் கொண்ட அந்நூலிற் செயற்படும் மரபணு ஏறக்குறைய 1,600. பாழ்பட்டுக் கிடப்பன 1,100க்கு மேல். தன் உடைமையிற் பாதியை இழந்து பிறர் உடம்பையே நம்பி வாழும் உயிர் இது. குடுவையில் ஏன் வளராது என்பதற்கு விடையும் இதிலேயே இருந்தது. அவர்கள் படித்த அக்கிருமி இனத்துக்கு இட்ட பெயர் ‘டி.என்.’ என்பது; அஃதாவது தமிழ்நாடு. நம் நாட்டு நோயாளி ஒருவரின் தோலினின்று எடுத்து, அமெரிக்க நாட்டு அர்மடில்லோ என்னும் கவசவிலங்கின் உடம்பில் வளர்க்கப்பட்டது அது. உலகில் இந்நோயை ஆராய்வோர் எவரும் இன்று அவ்விரண்டெழுத்தைக் குறிக்காமல் எழுதுதல் அரிது. நாட்டின் பெயர் நின்றது. தோல் கொடுத்தவர் பெயர் நிற்கவில்லை.

ஆகையால் நோயகத்தை ஆய்வுக்கூடமாக்குவோர் முதலில் தீர்க்கவேண்டிய கணக்கு சுண்ணாம்புக்கும் செங்கல்லுக்கும் உரியதன்று. அங்கு வாழ்ந்தவர்க்கு இடம் யாது என்பதே முதற் கணக்கு. முப்பது நாற்பது ஆண்டு அவ்வளாகமே உலகமென வாழ்ந்தவரை, நோய் தீர்ந்தது, இடம் வேண்டும், வெளியே போ என்று சொல்வது பழைய சட்டம் செய்ததை மறுபுறமாகச் செய்வதேயாம். ஏற்க ஊர் இல்லை. அழைக்க உறவு இல்லை. முன்கூறிய கார்வில் நோயகத்தின் ஆராய்ச்சிப் பணி 1990களில் வேறு நகருக்கு மாற்றப்பட்டது. எஞ்சிய முதியோர் ஆண்டுப்பணம் பெற்றுக்கொண்டு வெளியேறலாம், அன்றி அங்கேயே இருக்கலாம் என அரசினர் கூறினர். சிலர் இருக்கவே விழைந்தனர். பழைய கட்டடங்களுள் ஒன்று பொருட்காட்சிசாலையாயிற்று. அதனை முழுநேர்மை என்று சொல்ல மாட்டோம். ஆயினும் கேட்டுச் செய்தனர். நம் நாட்டிற் பழைய ஆஸ்பத்திரிகளைப் புதுப்பிக்கும் திட்டம் வகுப்போர், வரைபடம் விரிக்குமுன் இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. திருமணியில் ஆராய்ச்சியும் பயிற்சியும் வந்தபோது மருத்துவமனை மூடப்படவில்லை என்பது நமக்கு ஆறுதல் தருவது. மடங்கிய கைகட்கு அறுவையும், ஆறாத புண்ணுக்குக் கட்டும், உணர்ச்சியற்ற காலுக்குத் தனிச்செருப்பும் ஆய்வுக்கூடத்தின் அருகிலேயே நடந்து வந்தன.

இந்நோய் ஒழிந்துவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். 2005ஆம் ஆண்டின் முடிவிற் பதினாயிரம் பேர்க்கு ஒருவர்க்கும் குறைவு என்னும் நிலையை இந்தியா அடைந்தது உண்மை. அந்நிலையைத்தான் ஒழிப்பு என்றனர். சொல் சற்றுப் பெரிது. 2023ஆம் ஆண்டில் உலகிற் புதிதாகக் கண்ட நோயாளர் ஏறக்குறைய 1,82,000 பேர். அவருள் 1,07,000 பேருக்கு மேல் இந்தியர். ஆய்வுக்கூடத்திற்கு இன்னும் வேலை உண்டு.

நம் சங்கத்துக் குடும்பங்கட்கும் வேலை உண்டு. இந்து விவாகச் சட்டத்தில் தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீக்கப்பட்டது. சட்டப்புத்தகத்தினின்று நீங்கியது ஜாதகம் பார்க்கும் திண்ணையினின்றும் நீங்கிற்றா என்பதை அவரவர் வீட்டுப் பெரியோரே கூறவேண்டும். மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோயைத் தடுக்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. மருந்து தொடங்கியபின் நோயாளி பிறர்க்குப் பரப்புவதில்லை. பெற்றோர்க்கு இருந்தது பிள்ளைக்குப் பரம்பரையாக வருவதும் இல்லை. உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றி, அவ்விடத்தில் இறகு கொண்டு தடவினும் உணர்ச்சியில்லையாயின் காலந்தாழ்த்தலாகாது. கை கால் மரத்தலும், கண்ணிமை மூடாமையும், சுண்டுவிரல் மடங்குதலும் அவ்வாறே. கூட்டுமருந்து செஞ்சி அரசு மருத்துவமனையிலும், சுற்றூர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் விலையின்றிக் கிடைக்கும். வீட்டிலிருந்தே உட்கொள்ளலாம், திருமணிக்குச் சென்று தங்கவேண்டுவதில்லை.